பனங்காட்டு ஆந்தையைப் படம்பிடிப்பது: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில் ஆந்தைக் காடு என்றால் அடர்ந்து இருண்ட காடு என்று நினைத்துக்கொண்டு வரவேண்டாம். சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் மணலில் நிற்கும் பனங்கூட்டம், குடை விரித்தது போலத் தட்டையாகப் படர்ந்த உடைமரங்கள், கண்மாய்க்குள் நாட்டுக்கருவேலம், கண்மாய்க்கரையில் பழைய புளியும் ஆலும், மிச்ச இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேலம். இவைதான் இங்கே காடு. இதற்குள் ஆந்தைகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவை இருப்பது தெரிவதற்கு ஒரு பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கம் கேமராவில் தொடங்குவதில்லை. ஆந்தைப் படத்தில் முக்கால்வாசி வேலை பகலில், கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுச் செய்யவேண்டியது. எந்த மரத்தில் அடைகிறது, எந்தப் பக்கம் பறந்து வெளியேறுகிறது, எந்தக் கிளையில் முதலில் உட்காருகிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், படம் எடுப்பது கடைசி 20 நிமிட வேலை. இது தெரியாமல் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அலைந்தால் பறந்துபோகும் பறவையின் முதுகுதான் கிடைக்கும்.

எந்த ஆந்தை எங்கே

அதிகம் கிடைப்பது புள்ளி ஆந்தை. 21 செ.மீ. நீளம்தான், மைனா அளவு. மஞ்சள் கண், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. பனையோ உடையோ புளியோ, பொந்து இருந்தால் போதும், ஊருக்கு நடுவிலும் குடியிருக்கும். பெரும்பாலும் சோடியாக இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து கிர்ர்ரென்று சண்டை போடுவது போலக் கத்தும். முதன்முதலாக ஆந்தை எடுப்பவர் இதில்தான் தொடங்கவேண்டும். மனிதரைப் பார்த்துப் பழகியது, பகலிலும் பொந்து வாசலில் வந்து உட்காரும்.

அடுத்தது கூகை. இதய வடிவ வெள்ளை முகம், கறுப்புக் கண், சுமார் 35 செ.மீ. இடிந்த பழைய கட்டடம், கோபுர மாடம், ஆளில்லாத கிட்டங்கி, காவோலையை, அதாவது காய்ந்த ஓலையை, வெட்டாமல் விட்ட பனையின் மட்டை இடுக்கு ஆகியவை அதன் இடம். நல்ல இருட்டானபிறகே வெளியே வரும். மூன்றாவது கொம்பன் ஆந்தை. அரை மீட்டரைத் தாண்டிய பெரிய பறவை, ஆரஞ்சுக் கண், தலையில் கொம்பு போல இரண்டு இறகுக்கொத்து. மண்மேடு, ஓடைச் சரிவு, பாழ்பட்ட குவாரி, அடர்ந்த முள்மரத்தின் அடி என்று ஆள் போகாத இடம் பார்த்து இருக்கும். குளிர்காலத்தில் வலசை வரும் குட்டைக்காது ஆந்தையை வெட்டவெளிப் புல்தரையிலும் கடலோரப் பொட்டலிலும் பார்க்க வாய்ப்பு உண்டு. அது மரத்தில் அடையாது, தரையில்தான் புல்லோடு புல்லாகப் படுத்திருக்கும். காலடியிலிருந்து எழுந்து பறந்தால், அதைத் துரத்திப் போகவேண்டாம். நெடுந்தூரம் பறந்து வந்து இளைப்பாறும் உயிர் அது.

ஊரில் விசாரிக்கும்போது பெயரில் குழப்பம் வரும். ஒரு ஊரில் சாக்குருவி என்பது கூகையாக இருக்கும், அடுத்த ஊரில் புள்ளி ஆந்தையாக இருக்கும். கோட்டான் என்றால் எல்லாமேதான். அதனால் பெயரைக் கேட்காமல் அளவையும் சத்தத்தையும் கேளுங்கள். “காக்கா அளவா, மைனா அளவா? கிர்ர்னு கத்துமா, சீறுமா, பூம்னு முழங்குமா?” என்று கேட்டால் பதில் சரியாக வரும். சீறுவது கூகை, ஆழமாக முழங்குவது கொம்பன்.

மரத்தைக் கண்டுபிடிப்பது

இந்தக் கரையில் ஆந்தை தேடுபவர் முதலில் பார்க்கவேண்டியது மொட்டைப் பனை. இடி விழுந்தோ குருத்து அழுகியோ கொண்டை இழந்த பனை, வெறும் தூணாகப் பல வருடம் நிற்கும். உள்சோறு மக்கிப்போக, பொன்முதுகு மரங்கொத்தி அதில் பொந்து தோண்டும். மரங்கொத்தி விட்டுப்போன பொந்துக்குக் கிளி, மைனா, புள்ளி ஆந்தை மூன்றும் போட்டி போடும். ஒரு கூட்டத்தில் 50 பனை நின்றால், அதில் இரண்டோ மூன்றோ மொட்டையாக இருக்கும். அந்த இரண்டு மூன்றை மட்டும் பொறுமையாகப் பாருங்கள்.

இரண்டாவது குறி, காவோலை பாவாடை போலத் தொங்கும் பனை. பதநீர் இறக்கும் பனையில் ஓலையைக் கழித்து, மட்டையைச் சீவிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். பல வருடம் ஆள் ஏறாத பனையில் காய்ந்த ஓலை கீழ்நோக்கித் தொங்கி, மரத்தைச் சுற்றி ஓர் அறை போல ஆகிவிடும். கூகை பகலில் அதற்குள் அடையும்.

மரத்தடியைப் பார்த்தால் ஆள் இருப்பது தெரியும். சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தது போல எச்சம் ஒரே இடத்தில் குவிந்திருக்கவேண்டும். எச்சம் மட்டும் போதாது, கிளியும் மைனாவும் இதையே செய்யும். கூடவே கக்கல் உருண்டை கிடக்கிறதா என்று பாருங்கள். ஆந்தை இரையைச் சிறியதாக இருந்தால் அப்படியே விழுங்கிவிடும். செரிக்காத எலும்பும் மயிரும் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு, வாய் வழியே வெளியே வரும். கூகையின் உருண்டை கட்டைவிரல் பருமன், 4 முதல் 6 செ.மீ. நீளம். புதிதாக விழுந்தது கறுப்பாக, மெருகு போட்டது போல ஈரமாக மின்னும். ஒரு வாரம் வெயிலில் கிடந்தது சாம்பல் நிறமாகி, தொட்டால் உதிரும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால், எலி மயிர் பஞ்சுபோலப் பிரிய, நடுவில் எலியின் மண்டையோடு பல்லோடு முழுசாக இருக்கும். கீழ்த்தாடையும் மஞ்சள் முன்பல்லும் அப்படியே கிடைக்கும். புள்ளி ஆந்தையின் உருண்டை சின்னது. அதில் எலும்பைவிட வண்டின் இறக்கை ஓடுதான் பளபளவென்று அதிகம் தெரியும். வெறுங்கையால் தொடவேண்டாம். கறுப்பு மெருகுள்ள உருண்டை கண்ணில் பட்டால் அந்த மரத்தில் இன்றைக்கு ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய உருண்டை மட்டும் இருந்தால் இடம் மாறியிருக்கலாம். சப்பிப்போட்ட பழக்கொட்டையும் நார்ச்சக்கையும் கிடந்தால் அது ஓலைக்குள் தொங்கும் பழந்தின்னி வௌவால், ஆந்தை அல்ல.

காதையும் பயன்படுத்துங்கள். கரிச்சானும் காக்காயும் மைனாவும் ஒரு மரத்தைச் சுற்றி விடாமல் கத்திக்கொண்டு பாய்ந்தால், உள்ளே பாம்போ ஆந்தையோ இருக்கிறது. காலை 7 மணிக்குள் இந்தச் சத்தம் அதிகம் கேட்கும்.

எல்லாவற்றையும்விடச் சுருக்கமான வழி பனையேறியிடம் கேட்பது. பதநீர்க் காலத்தில் விடியுமுன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறி இறங்குபவர் அவர். ஆந்தை வெளியேறும் நேரமும் திரும்பும் நேரமும் அவர் கண்ணெதிரே நடக்கிறது. விடிலியில், அதாவது பனையேறியின் ஓலைக் குடிசையில், கருப்பட்டி காய்ச்சும் நேரத்தில் போய் வேலையைக் கெடுக்காமல், அடுப்பு இறங்கியபிறகு உட்கார்ந்து, “அண்ணாச்சி, இந்தப் பக்கம் சாக்குருவி எந்தப் பனையில அடையுது?” என்று கேளுங்கள். மரத்தை மட்டுமல்ல, அது யாருடைய பனை, யாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போகவேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார். பனந்தோப்புகள் பெரும்பாலும் பட்டா நிலம். சொல்லாமல் நுழைவது தப்பு.

எப்போது வருவது

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும், பின்னணி பச்சையாக இருக்கும், காற்று அடங்கியிருக்கும். நெல் அறுப்பு நடக்கும் நேரம் என்பதால் வயலில் எலி அதிகம், கூகையும் வயல் ஓரத்துக்கு வரும். எலிக்காக விவசாயிகள் வயலில் நட்டுவைக்கும் பறவைத் தாங்கிக் குச்சியில் அது உட்கார்வதைத் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல்வயல்களில் எதிர்பார்க்கலாம். ஆனால் புள்ளி ஆந்தைக்கும் கொம்பனுக்கும் இதுவே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலமும்கூட. அதைப் பற்றிக் கீழே.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. பாம்பன் பக்கம் டிரைபாட் நிற்காது. காற்று பலமாக அடிக்கும் இரவில் பனையோலை சலசலப்பு ஓயாது. கூகை இரையைக் கண்ணைவிடக் காதால் பிடிக்கும் பறவை. அந்த இரைச்சலில் அது அதிகம் நடமாடாது. நீங்கள் காத்திருந்தும் பயனில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் பனம்பழம் விழும், மண்டைக்கு ஆபத்து. மழை மாதங்களில் உள்பகுதிக் கரிசல் பாதையில் வண்டி இறங்கினால் ஏறாது.

இங்கே அந்தி மிகக் குறுகியது. ராமநாதபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்து 20, 25 நிமிடத்தில் இருட்டிவிடும். ஜனவரி நடுவில் சூரியன் மறைவது மாலை 6.10 வாக்கில், மார்ச் நடுவில் 6.25 வாக்கில். 5 மணிக்கே இடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

கருவிகள்

முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 600 மி.மீ. லென்ஸ், அல்லது ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. போதும். கணக்கு எளிது: இந்த இரண்டிலும் 15 மீட்டரில் படத்தின் குறுகிய பக்கம் 60 செ.மீ. அகலத்தைக் காட்டும். 21 செ.மீ. புள்ளி ஆந்தை அதில் மூன்றில் ஒரு பங்கு. படத்துக்கு அது போதும், அதைவிடக் கிட்டே போக அவசியமில்லை. கூகைக்கு 25 மீட்டரில் நின்றாலும் இதே அளவு வரும். 150-600, 200-600 போன்ற ஜூம் லென்ஸ் வசதி, பனையை முழுசாகக் காட்டும் படத்துக்கும் உதவும்.

டிரைபாட் கட்டாயம். நடு கம்பத்தை உயர்த்தாமல், கால்களை மணலில் ஓர் அங்குலம் அழுத்தி நிறுத்துங்கள். மணல் மேலாகத் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்தால் புதையாது. வண்டியிலிருந்து எடுப்பதென்றால் பீன்பேக், அதாவது லென்ஸைத் தாங்கும் துணிப்பை. காலியாகக் கொண்டுவந்து, இங்கே கடையில் 2 கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். கடற்கரை மணலை நிரப்பினால் தையல் வழியே கசிந்து லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும், பிறகு ஜூம் வளையம் நறநறக்கும்.

உடுப்பு காக்கியோ மங்கிய பச்சையோ. வெள்ளைச் சட்டை அந்தியில் தூரத்திலிருந்தே தெரியும். வழி பார்ப்பதற்கு மட்டும் சிவப்பு ஒளி டார்ச், தரையை நோக்கி.

உட்காரும் இடமும் ஒளியும்

பொந்து எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிய பொந்தென்றால் காலை ஆட்டம். ஜனவரியில் சூரியன் 6.35க்கு மேல் எழும். குளிர் விலகாத அந்த நேரத்தில் புள்ளி ஆந்தை பொந்து வாசலில் வந்து கண்ணைப் பாதி மூடி வெயில் காயும். 6.45 முதல் 8 மணி வரை கிடைக்கும் இந்தப் படம்தான் இங்கே எடுக்கக்கூடிய ஆந்தைப் படங்களில் மிக எளியதும் மிக அழகானதும். மேற்கு நோக்கிய பொந்துக்கு மாலை 4.30 முதல்.

8.30 தாண்டினால் தரை சூடேறி ஆவி அலைய ஆரம்பிக்கும். வாலிநோக்கம் உப்பளப் பக்கமும் பொட்டல் மணலிலும் இது மோசம். ஃபோகஸ் சரியாக இருந்தும் 30 மீட்டருக்கு அப்பால் இறகு விவரம் குழைந்து தெரிந்தால், லென்ஸைக் குறை சொல்லவேண்டாம், அது சூட்டு அலை. அதற்குத் தீர்வு செட்டிங்கில் இல்லை. மூட்டை கட்டிவிட்டு மாலை வரவேண்டும்.

மரத்துக்கு நேராக நடந்து போகாதீர்கள். சாய்வாக, வேறு எங்கோ போவது போல, பறவையை உற்றுப் பார்க்காமல் நடந்து, தேர்ந்த இடத்தில் மெதுவாக உட்காருங்கள். பாதையோரம் என்றால் வண்டியே நல்ல மறைவு. 40 மீட்டரில் வேகம் குறைத்து, நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிய ஜன்னல் வழியே எடுக்கலாம். இறங்கிக் கதவைச் சாத்தும் சத்தத்தில்தான் பறவை போய்விடும். ஓலை மறைவு கட்டுவதானால் முதல் நாளே கட்டிவிட்டு, அன்று படம் எடுக்காமல் திரும்பி, மறுநாள் வாருங்கள்.

செட்டிங்

பகலில் அடைந்திருக்கும் பறவைக்கு எஃப் 6.3 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 என்று தொடங்குங்கள். அசையாத பறவை, டிரைபாட் இருக்கிறது, அதனால் ஷட்டரை ஏற்ற ஆசைப்பட்டு ஐஎஸ்ஓவை ஏற்றவேண்டாம்.

சூரியன் மறைந்து 10 நிமிடத்தில் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/100 முதல் 1/200. 20 நிமிடத்தில் ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/30 முதல் 1/50. அதற்கு மேல் நிறுத்திவிடலாம். 1/30இல் ஆந்தை தலையை ஆட்டினால் படம் கலங்கும். அது தலையைத் திருப்பி, நிறுத்தி, கேட்கும் ஒரு நொடி வரும். அந்த நிறுத்தத்தில் தொடர்ச்சியாக நாலைந்து படம் எடுத்தால் ஒன்றாவது தெளிவாக இருக்கும். ஷட்டரை விரலால் அழுத்தும் அதிர்வே 1/30இல் படத்தைக் கெடுக்கும் என்பதால் ரிமோட் வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் நல்லது. பறக்கும் படத்துக்கு மட்டும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், இல்லையென்றால் பல கேமராக்களில் சிறகு வளைந்து விழும். பறப்பதை உறையவைக்க 1/1600 வேண்டும், அதற்கு வெளிச்சம் இருக்கும்போதே பறக்கும் புள்ளி ஆந்தையும் குட்டைக்காதும்தான் தோது. கூகைக்கு அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

எக்ஸ்போஷரில் பொதுவாக நடக்கும் பிழைகள் இரண்டு. பனை உச்சியில் இருக்கும் ஆந்தைக்குப் பின்னால் வெறும் வானம். கேமரா வானத்தை நம்பிப் பறவையைக் கரியாக்கிவிடும். அதற்கு எக்ஸ்போஷர் திருத்தத்தில் கூட்டல் 1 முதல் 1.7 வரை கொடுக்கவேண்டும். எதிர்மாறாக, இருண்ட பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் கூகையின் வெள்ளை முகம் வெந்து வெளுத்து, இறகுக் கோடே இல்லாமல் போகும். அங்கே கழித்தல் 0.7 முதல் 1. வெளுத்துப்போன முகத்தைப் பிறகு மீட்கமுடியாது, கொஞ்சம் இருண்டதை மீட்கலாம். எப்போதும் ரா ஃபார்மேட்டில், அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக, எடுங்கள்.

ஃபோகஸ் கண்ணில். ஓலைக் கீற்றுகளுக்கு நடுவே தானியங்கி ஃபோகஸ் முன்னோலைக்கும் பின்னோலைக்கும் அலையும். ஒற்றைப் புள்ளியைச் சிறியதாக்கி, லென்ஸில் ஃபோகஸ் எல்லைச் சுவிட்ச் இருந்தால் தூரத்துக்கு மட்டும் போட்டுவிடுங்கள். அப்போதும் அலைந்தால் கைமுறைக்கு மாறி, திரையில் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள். பறவை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதவரை அது போதும். கூகைக்குக் கண் முழுக் கறுப்பு. அதில் வானத்தின் ஒளிப்புள்ளி விழாவிட்டால் குழி போல உயிரில்லாமல் தெரியும். முகம் மேற்கு வானத்தைப் பார்க்கும் நொடிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

நிலாவும் பனையும்

இந்தக் கரைக்கே உரிய படம் ஒன்று உண்டு: மொட்டைப் பனை உச்சியில் உட்கார்ந்த ஆந்தை, பின்னால் எழும் நிலா. இது தற்செயலாகக் கிடைக்காது. பௌர்ணமிக்கு முந்தைய நாளே வாருங்கள். பௌர்ணமியன்று நிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில் எழும், பனை உயரத்துக்கு வருவதற்குள் வானம் கறுத்துவிடும். முந்தைய நாள் சூரியன் மறைய முக்கால் மணி நேரம் முன்பே எழுந்துவிடுவதால், வானம் நீலமாக இருக்கும்போதே பனை உச்சிக்கு ஏறியிருக்கும்.

தூரம்தான் இதில் சூட்சுமம். வானத்தில் நிலாவின் அகலம் அரை பாகை. 24 மீட்டர் தள்ளி நின்றால் புள்ளி ஆந்தையின் உயரமும் நிலாவின் அகலமும் ஒன்றாகத் தெரியும். 48 மீட்டர் போனால் ஆந்தை நிலாவில் பாதி. அதுதான் அழகான அளவு. கூகைக்கு இதே அளவு வேண்டுமென்றால் 80 மீட்டர். ஆக, இந்தப் படம் பறவையிடமிருந்து விலகப் போகப் போக நன்றாக வரும் படம், அதனாலேயே எங்களுக்கு இது பிடிக்கும். ஃபோகஸ் ஆந்தையில் வைத்தால் நிலாவின் விளிம்பு லேசாக மசங்கும், எஃப் 11, எஃப் 16 வைத்தாலும் முழுசாகத் தெளியாது. அதுதான் இயல்பு. எக்ஸ்போஷர் நிலாவுக்கு. ஆந்தை நிழலுருவமாக வரட்டும்.

பறவைக்குத் தொந்தரவு

ஆந்தை உங்களைக் கவனித்துவிட்டது என்பதை உடம்பால் சொல்லும். பாதி மூடிய கண்ணோடு உப்பி உட்கார்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. கண் அகலத் திறந்து, உடம்பு ஒடுங்கிக் கம்பு போல நீண்டால் பயப்படுகிறது. புள்ளி ஆந்தை தலையைப் பொசுக்பொசுக்கென்று மேலும் கீழும் ஆட்டி முறைத்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். அலகைச் சொடுக்கி, சிறகைத் தாழ்த்தி விரித்தால் பக்கத்தில் குஞ்சு இருக்கிறது. முறைக்கும் அந்த முகம் படத்தில் கம்பீரமாகத் தெரியும். ஆனால் அது பயந்த பறவையின் முகம். தெரிந்தபிறகு அந்தப் படத்தை ரசிக்கமுடிவதில்லை. உட்கார்ந்தபடியே பின்வாங்குங்கள்.

குஞ்சு இருக்கும் பொந்தென்று தெரிந்தால் படமே எடுக்காமல் விடுவது நல்லது. தாயும் தந்தையும் இரையோடு வந்து, உங்களைக் கண்டு உள்ளே நுழையாமல் வேறு மரத்தில் காத்திருக்கும். நீங்கள் இருக்கும் ஒரு மணி நேரம் குஞ்சுக்குத் தீனி இல்லை. அதுபோல, கூடு நன்றாகத் தெரியவேண்டும் என்று முன்னால் தொங்கும் ஓலையை வெட்டுவது, காக்காய்க்கும் பூனைக்கும் வழிகாட்டுவது. கொம்பன் கூட்டின் 50 மீட்டருக்குள் போகவேண்டாம், அது தரையில் முட்டையிடும், மிதித்துவிடவும் கூடும்.

செல்போனில் ஆந்தைச் சத்தம் போட்டு வரவழைப்பது வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று எல்லையைக் காக்க அது இரை தேடுவதை விட்டுவிட்டு வருகிறது. எலியைக் கட்டிவைத்து இழுப்பதும் வேண்டாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இருளுக்குப் பழகிய கண்ணில் அது பாய்ந்தபின் பறவை மட்டையிலும் மின்கம்பியிலும் மோத வாய்ப்பு உண்டு. டார்ச்சும் முகத்தில் அடிக்கக்கூடாது.

அனுமதியும் பாதுகாப்பும்

எந்த ஆந்தையையும் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை சரணாலயங்களுக்குள் பொழுது சாய்ந்தபின் இருக்கவேண்டுமானால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கரையேறமுடியாது. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் சாயங்காலத்துக்கு மேல் ஆட்களை விடமாட்டார்கள், ஆகவே அங்கே அந்திப் படத்துக்குத் திட்டம் போடவேண்டாம்.

இன்னொன்று, இது எல்லைக் கடற்கரை. இருட்டில் பெரிய லென்ஸோடு நின்றால் கடலோரக் காவல் குழுமம் விசாரிக்கும். விசாரிப்பது அவர்கள் வேலை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், ஊர்க்காரர் ஒருவர் உடன் இருந்தால் பேச்சு எளிதில் முடியும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், டிரோன் பேச்சே வேண்டாம்.

விழுந்துகிடக்கும் காவோலைக் குவியலுக்கு அடியில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இருக்கும். கணுக்காலை மூடும் பூட்ஸ், தடி, உட்காருமுன் ஒருமுறை தட்டிப் பார்ப்பது, இவை மூன்றும் வழக்கமாகட்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், பைக் டயரையும் விடாது. பஞ்சர் கிட் இல்லாமல் சாயங்காலம் உள்ளே போகவேண்டாம். மொட்டைப் பனைக்கு நேர் அடியில் ஒருபோதும் உட்காராதீர்கள். மக்கிய தூண், காற்றில் முன்னறிவிப்பின்றிச் சாயும்.

உப்பும் பனியும்

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் இந்தக் காற்றின் ஈரத்தில் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே பையை மூடியபடி வெளியே வைத்து, கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வந்தபிறகு திறவுங்கள். களத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

திரும்பியதும் முதலில் ஊதுகுழலால் மணலை ஊதி எடுக்கவேண்டும். ஊதாமல் துணி போட்டால் மணல் கண்ணாடியைக் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடம்பைத் துடையுங்கள். உப்பு காய்ந்த துணிக்குப் போகாது, தேய்த்தால் இன்னும் பரவும். முன் கண்ணாடிக்கு லென்ஸ் தாளில் ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர். டிரைபாட் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால், மறு மாதம் பூட்டுத் திருகு வெள்ளை பூத்து இறுகியிருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

படத்தைக் கணினியில் பார்க்கும்போது அந்தியை அந்தியாகவே விடுங்கள். நிழலை இழுத்துப் பகல் போல ஆக்கினால் இரைச்சல் புள்ளி எழும், பார்த்த காட்சியும் போய்விடும். பகிரும்முன் கோப்பிலிருந்து இடக்குறிப்பை நீக்குங்கள். ஊர்ப் பெயரைக்கூடப் போடவேண்டாம், மாவட்டம் போதும். மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தத் தேடல் கூடும்.

ஆனால் ஒருவருக்கு மட்டும் படத்தைக் கட்டாயம் காட்டுங்கள். பனைக்காரருக்கு. மொட்டைப் பனை பதநீர் தராது, நுங்கு தராது, சூளைக்கு விறகாக முதலில் போவது அதுதான். தன் பனையின் பொந்தில் இரண்டு மஞ்சள் கண் எட்டிப் பார்ப்பதை ஓர் அச்சுப் பிரதியாகக் கையில் கொடுத்து, இது ராத்திரியெல்லாம் வயல் எலியைத்தான் பிடிக்கிறது என்று சொல்லி, கக்கல் உருண்டையில் கிடைத்த எலி மண்டையோட்டையும் காட்டுங்கள். அடுத்த ஜனவரியில் வரும்போது அந்தப் பனை நிற்கிறதா என்று அவருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.